சேலை மறைப்புக்குள் ஒரு குழாய்க் கிணறு

கொழும்பிலிருந்து கல்முனை போய்ச் சேர்வதற்குள் ஆறு இடத்துத் தண்ணீர் குடித்தேன். புது ஊர் என்றால் மற்றவர்கள் பள்ளிவாசலையும் கடைத்தெருவையும் பார்ப்பார்கள். எனக்கு முதலில் அந்த ஊர்த் தண்ணீர் ஒரு வாய் நாக்கில் பட வேண்டும். விமான நிலையத்துக் குழாயில் மருந்து வாடை. மலைமேல் தேநீர்க் கடையில் கொடுத்தது பல் கூசுகிற குளிர்ச்சி, ஆனால் ருசி என்று ஒன்றும் இல்லை. மலை இறங்கிய பிறகு ஒரு சிங்கள அம்மா தன் வீட்டுக் கிணற்றில் இறைத்துக் கொடுத்தாரே, அதுதான் ஆறிலும் நல்லது. லேசாக இரும்பு ருசி. நான் தலையாட்டியதைப் பார்த்து என் பாட்டிலையும் வாங்கி நிரப்பிக் கொடுத்தார். அதை நான் குடிக்கவில்லை, வேன் குடித்துவிட்டது.

வேன் ஓட்டி வந்தவர் அனீஸ். கல்முனையில் இருக்கும் என் தம்பி மனைவிக்கு உறவுக்காரர். நல்ல வெயிலில், ஆள் அரவம் இல்லாத காட்டு ரோட்டில், வண்டியின் மூக்கிலிருந்து புகை வந்தது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமி, உங்கட போத்தலத் தாங்க. வண்டிக்குத் தாகமாம்" என்றார். கொடுத்தேன். மூன்று மணி நேரம் அதன் பிறகு எனக்குத் தாகம். கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்கு அப்படித்தான். அறுபத்தெட்டு வயதிலும் வேற்று ஆண்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது.

என் ஊர் நாகூருக்குத் தெற்கே, கடலோரம். தம்பி வியாபாரத்துக்கு என்று இலங்கை போனவன், கல்முனையில் ஆமினாவைக் கல்யாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டான். அந்தப் பக்கத்து முஸ்லிம்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடும், வளவு என்று அவர்கள் சொல்கிற சுற்றுமனையும் பெண்ணின் பேரில் இருக்கும். எங்கள் ஊரிலும் சில வீடுகளில் அந்த வழக்கம் உண்டு, எங்கள் வீட்டில் இல்லை. அதனால் தம்பியைக் கல்யாணம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டோம் என்று எங்கள் உம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சுனாமி அன்று கடல் இரண்டு கரையிலும் ஏறியது. எங்கள் கரையில் வீட்டுச் சுவரோடு போயிற்று. அந்தக் கரையில் என் தம்பியைக் கொண்டுபோய்விட்டது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம், போக முடியவில்லை. சண்டை ஓய்ந்த மறு வருடம்தான் போனேன். அதுவும் தம்பி மகள் ரிஸ்வானா போன் செய்ததால்.

"மாமி, சுனாமிக்குப் பிறகு உங்கட கிணறும் உப்பாத்தானே போன? நீங்க என்ன செஞ்சீங்க?"

"பழைய கிணற்றை விட்டுவிட்டோம். கையால் போர் போட்டோம். நாற்பது அடியில் நல்ல தண்ணீர் வந்தது."

"அப்ப வாங்க மாமி. மாப்பிள்ளை வீட்டாக்கள் ரெண்டு தரம் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. வீட்டப் பாக்க வாறவங்க என்னையப் பாக்கல்ல, நேரா கிணத்தடிக்குத்தான் போறாங்க. என்ட முகத்தில குறை இருந்தா பூசி மறைக்கலாம். தண்ணில இருக்கிற உப்ப எப்படி மறைக்கிற?"

மாப்பிள்ளை வந்து ஆயுசு முழுக்க இருக்கப்போகிற வீடு. தண்ணீரைப் பார்க்காமல் எந்தத் தாய் மகனை அனுப்புவாள்? மூன்றாவதாகச் சம்மாந்துறையிலிருந்து ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறது. இதுவும் தட்டிப்போனால் ஆமினா வளவை விட்டுவிட்டு, கடலை விட்டுத் தள்ளி ஊருக்குள்ளே சுனாமியில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிற மாடி வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். ரிஸ்வானாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் வாப்பா நட்ட தென்னைகளில் மூன்று இன்னும் அந்த வளவில் நின்றன.

என் கணவர் எங்கள் ஊரில் கைபோர் போடுகிறவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதில் இரும்புக் குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கவைக்கட்டையில் குறுக்கே போட்ட மூங்கிலோடு கட்ட வேண்டும். இரண்டு பேர் மூங்கிலை ஆட்ட, குழாய் ஏறி ஏறி இறங்கி மண்ணைக் குத்தும். குழாயின் வாயில் ஒருவர் உள்ளங்கையை வைக்க வேண்டும். குழாய் ஏறும்போது மூடு, இறங்கும்போது திற. மூடினால் கீழே இருக்கிற மணலும் தண்ணீரும் குழாய்க்குள் ஏறும். திறந்தால் வாயால் கக்கும். மெஷின் என்று ஒன்றும் கிடையாது, அந்த உள்ளங்கைதான் மெஷின். ஒருநாள் கை வைக்கிற ஆள் வரவில்லை என்று நான் வைத்தேன். அப்புறம் இருபத்திரண்டு வருடம் வைத்தேன். இப்போது என் மகன் நிஜ மெஷின் வைத்திருக்கிறான். நல்லதுதான், என் தோள்பட்டைக்கு ஓய்வு.

போகும்போது பையில் ஒன்று எடுத்துப் போனேன். குழாயின் அடியில் மாட்டுகிற பல்வளையம், என் கணவர் அரத்தால் ராவிச் செய்தது. அதுதான் வழியில் வம்பு செய்தது. ஒரு சோதனைச் சாவடியில் ராணுவத்துப் பையன் துணிகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தான். பார்க்கப் புலிப்பல் மாதிரிதான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான். அனீஸ் சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். அவர்களுக்கு விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் என் பாட்டிலை நிறுத்தி, அதன் வாயை உள்ளங்கையால் மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினேன். பையன் சிரித்துவிட்டான். ஏதோ சொன்னான்.

"என்ன சொல்கிறான்?" என்று வண்டியில் ஏறிய பிறகு கேட்டேன்.

"அவன்ட ஊரிலயும் கிணறு வத்திப்போச்சாம். இந்த அம்மாவ திரும்பிப் போகேக்க அந்தப் பக்கத்தால கூட்டிப் போ எண்டு சொல்றான்."

புதன்கிழமை காலை வளவைப் பார்த்தேன். இரண்டு அறை வீடு, புதிதாகக் கட்டிக் கொடுத்தது. சுற்றிலும் வீடு இருந்த இடங்களில் தரை மட்டும் கிடக்கிறது, சமையலறைச் சிமெண்டில் ஆட்டுக்குட்டி படுத்திருக்கிறது. கடல் ஒரு கூப்பிடு தூரம். பழைய கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் சுனாமிக்குப் பிறகு வந்ததே, அதே கசப்பு உப்பு. குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டி வந்து கறுப்புத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறது.

சாப்பாட்டில் மட்டும் குறை இல்லை. காலையில் புட்டும் சுறா மீன் வறையும், மதியம் சோறும் பாலாணமும். குழம்பை ஆணம் என்று சொல்வது எங்கள் ஊரிலும் உண்டு, அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிக் கூச்சம் போய்விட்டது. கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர் வைத்தார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது போல அவ்வளவு கெட்டி. மேலே பாணி என்கிற பாகு ஊற்றித் தின்ன வேண்டும். நான் இரண்டாம் தரம் கேட்கக் கூச்சப்பட்டதைப் பார்த்து ஆமினா சட்டியையே என் பக்கம் தள்ளினாள்.

"தின்னுங்க மதினி. உங்கட தம்பியும் இப்படித்தான். வாய் திறந்து கேக்க மாட்டார், சட்டியையே பாத்துக்கொண்டிருப்பார்."

அன்று பின்னேரம் மீராசா காக்கா வந்தார், காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். அந்தக் கரையில் குழாய்க் கிணறு அடிக்கிறவர் அவர்தான். ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில். என் பல்வளையத்தை வாங்கிப் பார்த்து, "நல்ல கைவேலை" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். குழாயில் கை வைக்கிற ஆள் போன மாதம் கத்தாருக்குப் போய்விட்டாராம். மூங்கில் ஆட்ட ஆள் இருக்கிறது, கை வைக்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ரிஸ்வானா என் காதில், "மாமி, சொல்லுங்க" என்றாள். வாய் வரவில்லை. வலது கையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டினேன். உள்ளங்கை நடுவில் குழாய்வாயின் அளவுக்கு வட்டமாகக் காய்த்திருக்கும், இன்றும் போகவில்லை. மீராசா காக்கா அதைப் பார்த்துவிட்டு, "ராத்தா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பார்த்தால் வேலி முழுக்க ஆட்கள். இந்தியாவிலிருந்து கிழவி வந்து கிணறு அடிக்கப்போகிறாள் என்று அனீஸ் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டிருக்கிறார். நான் மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ரிஸ்வானா உள்ளே போய் வீட்டில் இருந்த சேலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். நாலு கம்பு நட்டு, குழாயையும் குழியையும் என்னையும் சுற்றிச் சேலை கட்டினாள். மூங்கிலின் ஒரு முனை மட்டும் சேலைக்கு வெளியே. அங்கே இரண்டு ஆட்கள் ஆட்டுவார்கள், உள்ளே நான் கை வைப்பேன். பேச வேண்டாம் என்பதற்காக ஒரு ஸ்பேனர் தந்தாள். குழாயில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் நடத்து.

வெளியே யாரோ சொல்வது கேட்டது: "மாப்பிள்ளை வரக்கு முன்னயே பந்தல் போட்டுட்டாங்கடா."

இரண்டு தட்டினேன். மூங்கில் ஏறியது. முதல் தரம் கை பிசகி, சேறு முகத்தில் அடித்தது. பிறகு கைக்குத் தானாக வந்துவிட்டது. எங்கள் ஊரில் துளைச்சுவர் சரியாமல் இருக்கக் குழித் தண்ணீரில் சாணம் கரைப்போம். மீராசா காக்கா நாவிதன்வெளி வயல்களிலிருந்து வந்த களிமண்ணைக் கரைத்தார். வெண்ணெய் மாதிரி மண்.

பதினாலு அடியில் கக்குகிற மணல் வெளுத்தது. ஒரு தட்டு. நிறுத்தி, குழாயின் தலையில் கைப்பம்பைப் பூட்டி, நூறு தரம் இழுத்து விட்டுவிட்டு ருசி பார்த்தோம். நல்ல தண்ணீர். கொஞ்சம் கலங்கல், ஆனால் நல்ல தண்ணீர். ஆமினா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு அழுதாள்.

"ராத்தா, போதும். இதோட நிப்பாட்டுவம்" என்றார் மீராசா காக்கா சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

எனக்கு மனது ஒப்பவில்லை. எங்கள் கரையில் மேல்தண்ணீரை நம்பக் கூடாது. இன்று இனிக்கும், சித்திரையில் கரிக்கும். களிப்படுகையைத் தாண்டி நாற்பது அடியில் இருப்பதுதான் நிலைத்த தண்ணீர். என் கணவர் எத்தனை வீட்டில் சண்டை போட்டு இறக்கியிருக்கிறார். அதை மீராசா காக்காவிடம் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். வேற்று ஆணிடம் எப்படிப் பேசுவது? நான் ஸ்பேனரை எடுத்து இரண்டு தட்டினேன்.

மூங்கில் ஆடவில்லை. பிறகு, "ராத்தா, இஞ்ச கீழ போனா..." என்று தொடங்கினார்.

மறுபடியும் இரண்டு தட்டினேன்.

வயதானவள், விருந்தாளி, செத்துப்போனவரின் மூத்த சகோதரி. அவர் என்ன செய்வார்? மூங்கில் ஆடியது. இருபது அடியில் சிப்பியும் சாம்பல் மணலும் வந்தன. இருபத்தெட்டில் நிறுத்திப் பம்பைப் பூட்டினோம். நான்தான் முதலில் நாக்கில் வைத்தேன். கடல்.

நூறு தரம், இருநூறு தரம் இழுத்தும் கடல்தான். கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தோம், பதினாலு அடிக்கே தூக்கிப் பார்த்தோம். காலையில் இனித்த இடத்திலும் உப்பு ஏறிவிட்டது. ஒரு வாளி நிறையப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீராசா காக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சோறு தின்ன உட்கார்ந்தபோது, நடுவில் இருந்த புதுத் தயிர்ச் சட்டியைக் காட்டி, சேலைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "இதான் ராத்தா எங்கட கரை. மேல கெட்டி ஆடை, அது மழை குடுத்த தண்ணி. அதுக்குக் கீழ முழுக்கக் கடல். மேலால மெதுவா அள்ளினா ஆடை வரும். அடிவரைக்கும் கரண்டிய விட்டா எல்லாம் கலங்கிரும். சுனாமிக்குப் பிறகும் இதான் நடந்த. நல்ல மனசோட ஆக்கள் வந்து பெரிய பம்பு வெச்சு கிணறுகள அடி காண இறைச்சாங்க. இறைக்க இறைக்கக் கடல் மேல வந்திச்சு."

நானும் நல்ல மனதோடு வந்தவள்தான்.

ரிஸ்வானா அருகில் வந்து என் கையில் எண்ணெய் தேய்த்தாள். "மாமி, நீங்க கூடக் கதைக்காத ஆள், அது நல்ல குணம் எண்டு வாப்பா சொல்லுவார். ஆனா இண்டைக்கு ஒரு சொல்லுக் கதைச்சிருக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆமினா ஒரு யோசனை சொன்னாள். நாளைக்குப் பவுசர் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, புதுக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவது. ரிஸ்வானா, "ஒரு கோப்பை தேத்தண்ணிக்குப் பவுசர் தண்ணி காணும் உம்மா. அந்தாள் இஞ்ச வந்து காலம் பூரா குளிக்கிறதுக்கு?" என்று கேட்டாள். ஆமினா எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை. கெட்டுப்போன துளையைக் களிமண் உருண்டை போட்டு இறுக அடைப்பதற்கே காலை பாதி போய்விட்டது. வீட்டின் மேற்கே, தென்னைகளுக்குப் பக்கத்தில் புதுத் துளை. சேலைகளை அங்கே மாற்றிக் கட்டினார்கள். பத்து அடியில் குழாய் நிற்கும்போது வெள்ளி மதிய ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

மீராசா காக்கா சேலையருகே வந்தார். "ராத்தா, நாங்க போகாம இருக்கேலா. குழாயச் சும்மா விடவும் ஏலா, மணல் பிடிச்சிரும். நாங்க வரும்வரைக்கும் நீங்க பெண்டுகளாச் சேர்ந்து மெதுவா நடத்துங்க. மணல் வெளுத்தா..." நிறுத்திவிட்டு, "அது உங்கட கையில இருக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. எங்கள் ஊரிலும் வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் தெரு அப்படித்தான் இருக்கும். அந்நேரம் நான் சமையல்கட்டில் இருப்பேன், தெருவைப் பார்த்ததில்லை. ரிஸ்வானா சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். காற்று வந்தது. தென்னைகளுக்கு நடுவில் கடல் தெரிந்தது. ஆமினாவும் ரிஸ்வானாவும் மூங்கிலைப் பிடித்தார்கள், நான் கை வைத்தேன்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்ன சம்மாந்துறைக்காரர்கள். ஆட்டோக்காரர் ஜும்ஆவுக்கு முன்னால் இறக்கிவிட்டால்தான் ஆயிற்று என்றாராம். மாப்பிள்ளையின் தாய் சுலைஹா உம்மா, நல்ல உயரம், கறுப்பு அபாயா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் அவர் மகள். மணப்பெண் முழங்கால் வரை சேறும், தலையில் துண்டுமாக மூங்கிலில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். நான் முகம் முழுக்கச் சேறு. கையை எடுக்கவும் முடியாது.

சுலைஹா உம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நாம வீடு பாக்க வந்தமா, கப்பல் பாக்க வந்தமா?"

ஆமினா மூங்கிலை விட்டு ஓடி வந்து பாய் போட்டாள். ஒற்றை ஆளாக ரிஸ்வானாவால் மூங்கிலை ஏற்ற முடியவில்லை. குழாய் கனத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் மணல் கவ்விவிடும். சுலைஹா உம்மா அதைப் பார்த்துவிட்டார். வாழைப்பழத்தை மகளிடம் கொடுத்து, அபாயாவின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டார். "நாங்க வயல்காரர். சும்மா குந்தியிருந்து வேடிக்கை பாக்க எங்களுக்குத் தெரியா" என்று சொல்லி ரிஸ்வானாவுக்கு எதிர்ப்பக்கம் போய் மூங்கிலைப் பிடித்தார்.

என்ன பலம் அந்தக் கையில். குழாய் குதித்து இறங்கியது.

"ஆணம் காய்ச்சத் தெரியுமா எண்டு கேக்கத்தான் வந்தன்" என்றார் ரிஸ்வானாவிடம், மூச்சு வாங்க. "இப்ப ஏலா. பிறகு கேக்கிறன்."

"பிறகு கேட்டாலும் வாயால சொல்லத்தான் ஏலும் மாமி, காய்ச்சிக் காட்டக் கை இருக்காது" என்றாள் ரிஸ்வானா.

ஏறு, மூடு, இறங்கு, திற. அடியில் உள்ள மண்ணை உள்ளங்கை சொல்லும். களி என்றால் கையைப் பிடித்து இழுக்கும், விடாது. சிப்பி என்றால் நறநறக்கும். திடீரென்று அந்த இழுப்பு இளகி, கையில் வருவது மிருதுவாயிற்று. பார்த்தேன், மணல் வெளுத்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினேன். ரிஸ்வானா மூங்கிலை நிறுத்தினாள்.

ஆமினா பம்பைப் பூட்டினாள். நூறு தரம் இழுத்த பிறகு சுலைஹா உம்மா இரு கையிலும் வாங்கிக் குடித்தார். வாயில் வைத்துச் சுழற்றி, மெதுவாக விழுங்கினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கி" என்றார். "ஆனா இது மேல்தண்ணி. இத நம்பேலா. எங்கட ஊர்ல முப்பதடிக்குக் கீழ போனாத்தான் பால் மாதிரித் தண்ணி. வாங்க, இன்னும் இருபதடி இறக்குவம்." சொல்லிவிட்டு மூங்கிலைப் பிடித்துவிட்டார்.

நேற்று நான் நினைத்ததை அப்படியே அவர் வாயிலிருந்து கேட்டேன். ஆமினா என்னைப் பார்த்தாள். வீடு பார்க்க வந்த சம்பந்தியை எதிர்த்து அவள் எப்படிப் பேசுவாள்? ரிஸ்வானாவின் கை மூங்கிலில் இருந்தது, கண் என்மேல் இருந்தது. ஸ்பேனர் மடியில் கிடந்தது. தட்டுவதால் பயன் இல்லை. அந்த அம்மாவுக்கு என் தட்டெல்லாம் தெரியாது.

"போதும்" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சுலைஹா உம்மா திரும்பிப் பார்த்தார்.

"எங்கள் ஊரிலும் கீழேதான் நல்ல தண்ணீர். அதை நம்பி நேற்று நான் இந்த வீட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிட்டேன். கிணறு அடிக்கிறவர் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதோ அந்த இடம். வாளியில் இருக்கிறது, குடித்துப் பாருங்கள். இங்கே மேலே இருக்கிறதுதான் தண்ணீர். கீழே கடல். இதை மெதுவாக இறைக்க வேண்டும், மோட்டார் வைக்கக் கூடாது. வைத்தால் இதுவும் போய்விடும். உங்கள் மகனுக்கும் சொல்லி வையுங்கள்."

இவ்வளவையும் ஒரு வேற்று ஆளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்த பிறகுதான், பெண்ணைப் பெற்ற வீட்டின் குறையை நானே அவிழ்த்து வைத்துவிட்டேன் என்பது உறைத்தது. ஆமினாவின் முகம் வெளுத்துவிட்டது.

சுலைஹா உம்மா கிழக்குப் பக்கம் நடந்து போனார். வாளியில் கை விட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். அடைத்திருந்த களிமண்ணைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து மூங்கிலைத் தொடாமல், தென்னை அடியில் பாயில் உட்கார்ந்தார்.

"சரி, நிப்பாட்டுங்க" என்றார்.

ஆண்கள் திரும்பி வந்தபோது நாங்கள் அவசரமாக ஒரே ஒரு சேலையைத்தான் கட்டியிருந்தோம். மீராசா காக்கா வாசலிலேயே நின்றார். "குழாய் எத்தினை அடில நிக்குது?"

"பதினாலு" என்றாள் ரிஸ்வானா.

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு இரும்புக் குழாயை எடுத்துவிட்டு, வாளால் கீறல் போட்ட பிளாஸ்டிக் குழாயில் நைலான் துணி சுற்றி இறக்கினார். பின்னேரத்துக்குள் பம்பு நின்றது.

புதுக் கிணற்றுத் தண்ணீரில் ஆமினா தேத்தண்ணி போட்டாள். தட்டில் வட்டிலப்பம் வைத்தாள். சுலைஹா உம்மா கடைசிவரை குடித்தார். கோப்பையின் அடியில் வெள்ளை மணல் படிந்திருந்தது.

"மணல் வருது, குறை நினைக்காதீங்க" என்றாள் ஆமினா.

"நாலஞ்சு நாள் இறைச்சாப் போயிரும்" என்றார் மீராசா காக்கா வெளியிலிருந்து. "ஆனா மெதுவா இறைக்கணும். அவசரப்படப்படாது."

சுலைஹா உம்மா கோப்பையை ஆட்டி அந்த மணலைப் பார்த்தார். "அவசரப்படாம இறைக்கிறதா? அதுக்கு என்ட மகன் நல்லாச் சரிவருவான். அவன் எல்லா வேலையும் மெதுவாத்தான் செய்வான். நாள் பாருங்க, அவன் வந்து மிச்ச மணல இறைக்கட்டும்."

கதவுக்குப் பின்னால் ரிஸ்வானா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆமினா மணல் கோப்பைகளை அடுக்கினாள், எடுத்தாள், மறுபடியும் அடுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பினேன். அனீஸ் இந்தத் தடவை வண்டிக்கென்று தனியாக இரண்டு பாட்டில் வைத்திருந்தார். பல்வளையத்தை மீராசா காக்காவிடமே விட்டுவிட்டேன். சோதனைச் சாவடிக்காக இல்லை, அவர் கையில் அது நன்றாக இருந்தது. வேனில் ஏறப்போகும்போது ரிஸ்வானா ஓடி வந்து ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன். நாக்கில் ஒரு குறையும் இல்லை. கோப்பையின் அடியைப் பார்த்தேன். ஐந்தாறு மணல் இன்னும் இருந்தது.

"நாலு நாளா இறைக்கிறன் மாமி, முழுசாப் போகல்ல" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். "மாப்பிள்ளைக்கு வேலை வேண்டாமா?"